இன்சுலினோமா: கத்தியை எடுக்கும் முன் நடக்கும் தவறுகள்

இன்சுலினோமா என்பது கணையத்தில் வந்து, இன்சுலினைக் கட்டுப்பாடின்றிச் சுரக்கும் கட்டி. விடியற்காலையில் எழுப்பினால் உளறுகிறார், வியர்த்துக் கொட்டுகிறது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் சற்று நேரத்தில் தெளிந்துவிடுகிறார். இப்படிப்பட்டவர் வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை விழுங்குவது இந்த நோயில் புதிதல்ல. குழப்பம் வந்த அந்த நேரத்திலேயே யாரும் ரத்தச் சர்க்கரையைப் பார்க்காததுதான் காரணம்.

சர்க்கரை குறைவு என்று தெரிந்ததும் சி.டி.க்கு அனுப்புவது அடுத்த தவறு. இன்சுலினோமா பெரும்பாலும் 2 செ.மீ.க்கும் சிறியது, படத்தில் தப்பிவிடும். ஹார்மோன் சுரக்காத வேறு கட்டி கண்ணில் பட்டு, பழி அதன்மேல் விழுவதும் உண்டு. முதலில் ரத்தத்தில் நிரூபிக்க வேண்டும்.

அதற்குத்தான் மருத்துவமனையில் வைத்துச் செய்யும் 72 மணி நேரப் பட்டினிச் சோதனை. தண்ணீர் குடிக்கலாம், விழித்திருக்கும்போது நடமாட வேண்டும். விரல் நுனிக் குளுக்கோமீட்டர் 48 காட்டியது என்று சோதனையை முடித்துவிடாதீர்கள். குறைந்த அளவுகளில் அதை நம்ப முடியாது. லேப் குளுக்கோஸ் 55 மி.கி.க்குக் கீழ் இருக்கும்போது ஒரே ஊசியில் எடுத்த ரத்தத்தில் இன்சுலின், சி-பெப்டைடு (உடல் தானே இன்சுலின் சுரக்கும்போது கூடவே வருவது), புரோஇன்சுலின் (இன்சுலினின் முன்வடிவம்), பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் (கொழுப்பு எரியும்போது வரும் கீட்டோன்) எல்லாம் பார்க்க வேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்து மேசையில் வைத்தால் ரத்த அணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும், இல்லாத தாழ்வு தெரியும். சாம்பல் மூடி ஃப்ளோரைடு குழாயிலும் முதல் ஓரிரு மணி நேரம் சரிவு நிற்காது. ஐஸில் வைத்து உடனே பிளாஸ்மாவைப் பிரியுங்கள். சிவப்பணு உடைந்த மாதிரியில் இன்சுலின் பொய்யாகக் குறையும்.

ரிப்போர்ட்டில் இன்சுலின் 6, பக்கத்தில் ‘நார்மல்’. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். குளுக்கோஸ் 40 ஆக இருக்கும்போது 6 நார்மலே அல்ல. அந்த நிலையில் இன்சுலின் 3 மைக்ரோ யூனிட், சி-பெப்டைடு 0.6 நானோகிராம், புரோஇன்சுலின் 5 பிகோமோல் அல்லது அதற்கு மேல் இருந்து, பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் 2.7 மில்லிமோலைத் தாண்டாவிட்டால் இன்சுலின் அடங்கவில்லை என்று பொருள். இன்சுலின் ஏறி, சி-பெப்டைடு தாழ்ந்திருந்தால் வெளியிலிருந்து ஊசி போட்டிருக்கிறார்கள். கிளிமிபிரைடு போன்ற சல்ஃபோனைலூரியா வகைச் சர்க்கரை நோய் மாத்திரையோ கட்டியைப் போலவே எல்லா எண்களையும் காட்டும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் மாத்திரை மாறியிருக்கலாம். சல்ஃபோனைலூரியா சோதனையைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள். இன்சுலின் எதிர்ப்பொருளையும் (ஆன்டிபாடி) பாருங்கள்.

நிரூபித்த பிறகு இடம் தேடலாம்: எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட், கிடைத்தால் எக்ஸென்டின் பெட் ஸ்கேன் (இன்சுலின் சுரக்கும் செல்களில் ஒட்டும் மருந்தைச் செலுத்தி எடுக்கும் படம்). கட்டி தெரியவில்லை என்பதற்காகக் கணையத்தின் வாலைக் குருட்டாம்போக்கில் வெட்டுவதைவிடப் பெரிய தவறு இதில் இல்லை. கட்டி கணையத்தின் தலைப்பகுதியில் இருந்தால் வால் போனதுதான் மிச்சம். கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் பார்க்காமல் போனால் பல நாளமில்லாச் சுரப்பிகளில் கட்டி வரும் எம்.ஈ.என்.1 பரம்பரை நோய் தப்பிவிடும். அதில் கட்டிகள் பலவாக இருக்கும். இன்சுலின் சுரப்பை அடக்கப் போடும் ஆக்ட்ரியோடைடு ஊசி, சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககானையும் அடக்குவதால் சிலருக்குச் சர்க்கரை மேலும் சரியும், முதல் ஊசியைக் கண்காணிப்பில் போடுங்கள்.

அறுவைக்கு முந்தைய இரவு டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) டிரிப் இல்லாமல் பட்டினி போடக் கூடாது. உள்ளே போனதும் கையால் தடவிப் பார்த்து, கணையத்தின் மேல் அல்ட்ராசவுண்ட் வைத்து, கணையநீர் செல்லும் முக்கியக் குழாயிலிருந்து 2–3 மி.மீ. விலகியிருந்தால் மட்டும் கட்டியைத் தோண்டி எடுக்கலாம். ஒட்டியிருந்தால் அந்தப் பகுதியையே நீக்குவது நல்லது. பிறகு சில நாள் சர்க்கரை ஏறும்; பதறி இன்சுலினை அள்ளிக் கொடுக்காதீர்கள். மூன்றாம் நாள் வடிகுழாய் நீரில் அமைலேஸ் (கணையம் சுரக்கும் செரிமான நொதி), ரத்தத்தின் மேல்வரம்பைப்போல 3 மடங்கைத் தாண்டினால் கணையநீர் கசிகிறது. அதைப் பார்க்காமல் குழாயை உருவாதீர்கள்.