‘புது ட்ரீட்மென்ட்’ என்று கருத்தரிப்பு மையத்தில் சொன்னால், கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

இரண்டு முறை ஐவிஎஃப் (கருமுட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கிக் கருப்பையில் வைப்பது) கை கொடுக்காமல் போன பிறகு, “புதிதாக ஒன்று வந்திருக்கிறது, செய்து பார்க்கலாமா” என்று யாராவது கேட்டால் மனசு உடனே சரி என்றுதான் சொல்லும். அந்த நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை நீங்கள் வழக்கமான சிகிச்சையாகச் செய்கிறீர்களா, ஆராய்ச்சியாகச் செய்கிறீர்களா? பதில் எதுவோ அதை வைத்துத்தான் உங்கள் உரிமைகளும் பணம் கட்டுவதும் மாறும்.

ஆனால் முதலில் மையத்தைப் பாருங்கள். இந்தியாவில் 2022 ஜனவரி 25 முதல் செயற்கைக் கருத்தரிப்புக்குத் தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பதிவு இல்லாத இடத்தில் எதுவுமே செய்யக் கூடாது. பதிவுச் சான்றிதழை எல்லோரும் பார்க்கும்படி மாட்டியிருக்க வேண்டும், அதில் முதல் நிலையா இரண்டாம் நிலையா என்று பாருங்கள். முதல் நிலை மையம் ஐயூஐ, அதாவது விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது வரைக்கும்தான், கருமுட்டை எடுத்து ஐவிஎஃப் செய்ய இரண்டாம் நிலைப் பதிவு வேண்டும். பெண்ணுக்கு 21க்கு மேல் 50க்குள், ஆணுக்கு 21க்கு மேல் 55க்குள் என்று வயது வரம்பும் உண்டு. கணவர் இல்லாத பெண்ணும் இந்தச் சட்டப்படி சிகிச்சை எடுக்கலாம். வாடகைத் தாய் முறைக்குச் சட்டம் வேறு, அங்கே தனியாக இருப்பவர்களில் 35 முதல் 45 வயதுக்குள் உள்ள, கணவரை இழந்த அல்லது விவாகரத்தான பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி.

சரி, புது சிகிச்சைக்கு வருவோம். ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) போட்டுக் கருப்பையை, சினைப்பையைப் புதுப்பிக்கிறோம் என்று பேக்கேஜ் போட்டுச் சொன்னால் உஷாராகிவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சையெல்லாம் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்கு ஒரு எண் இருக்க வேண்டும், ஆராய்ச்சிக்கான செலவை உங்கள் தலையில் கட்டக் கூடாது. அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். எண் இல்லை, ஆனால் பில் மட்டும் லட்சத்தில் இருக்கிறது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பிஆர்பி ஊசி (ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும், பிளேட்லெட் நிறைந்த திரவம்) விஷயத்திலும் அவசரம் வேண்டாம். சினைப்பையில் அதைப் போடுவதை ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2023இல் பரிந்துரைக்கவில்லை.

கருவை வைப்பதற்கு முன் மரபணுச் சோதனை செய்யலாம், ஆனால் பரம்பரை நோய் போன்ற மருத்துவக் காரணத்துக்காக மட்டும். ஆணா பெண்ணா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது குற்றம், ஜாடையாகச் சொன்னாலும் குற்றம்தான். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவை இன்னொரு பெண்ணின் முட்டையிலிருந்து பெறுவதால் மூன்று பேரின் மரபுப்பொருள் சேரும் மைட்டோகாண்ட்ரியா தானத்துக்குப் பிரிட்டன் 2015இல் தனியாக விதி கொண்டுவந்த பிறகுதான் அங்கே உரிமம் கொடுத்துச் செய்கிறார்கள். “வெளிநாட்டில் செய்கிறார்களே” என்பது இங்கே அனுமதி ஆகிவிடாது.

தானமாக வரும் கருமுட்டை என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் வயதைப் போலி ஆதாரில் கூட்டிக் காட்டிக் கருமுட்டை எடுத்த கொடுமை வெளியே வந்தது, அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு பதறுகிறது. தருபவருக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்க்கையில் ஒரே முறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. அவருக்கு 12 மாதக் காப்பீடு எடுத்துத் தருவது சிகிச்சை எடுக்கும் உங்கள் பொறுப்பு. கருமுட்டை பதிவு பெற்ற கருமுட்டை வங்கி மூலம்தான் வர வேண்டும். புரோக்கர் போன் செய்து பேரம் பேசினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சம்மதப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு பேரும் உட்கார்ந்து படியுங்கள், புரியும் மொழியில் கேளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும், கருவைக் கருப்பையில் வைக்கும் வரை வேண்டாம் என்று சொல்லலாம். சிகிச்சை முடிந்ததும் என்ன செய்தார்கள் என்று எழுதிய டிஸ்சார்ஜ் சான்றிதழ் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, அதை வாங்காமல் வராதீர்கள். ஏதாவது தவறு நடந்தால் மையத்திலேயே குறைதீர் பிரிவு இருக்க வேண்டும், அங்கே எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.