மலாயாவுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவைத் தேடும் வழி

கப்பலேறிய தாத்தாவைப் பற்றி வீட்டில் பெயர் மட்டும்தான் தெரியும் என்றால், நேராக மலேசியாவுக்கு மனு எழுதாதீர்கள். மாரிமுத்துகளும் முனியாண்டிகளும் அங்கே ஆயிரக்கணக்கில் போயிருக்கிறார்கள். யாரோ ஒருவரைத் தாத்தாவாக்கி விடுவோம். அவருடைய அப்பா பெயர், சொந்தக் கிராமம், கூடப் பிறந்தவர்கள் பெயர் இந்த மூன்றும் உறுதியாகும்வரை தேடல் ஊரிலேயே நடக்கட்டும்.

முதலில் டிரங்குப் பெட்டி. கடிதத்தைவிட உறைக்குத்தான் மதிப்பு அதிகம். தபால் முத்திரையைச் சாய்வெளிச்சத்தில் படமெடுத்துப் பெரிதாக்கினால் ஊர்ப்பெயரில் நான்கு எழுத்தாவது தெரியும். ஸ்டாம்பிலேயே பேராக், சிலாங்கூர், கெடா என்று மாநிலப் பெயர் இருக்கலாம். பிள்ளைகள் யாராவது ஸ்டாம்பை வெட்டி எடுத்திருந்தால் ஆல்பத்தைத் தேடுங்கள், பாதி முத்திரை அதன்மேல் இருக்கும். கிடைத்த ஊரை இன்றைய வரைபடத்தில் காணோமென்று விட்டுவிட வேண்டாம். தெலுக் ஆன்சன்தான் இன்றைய தெலுக் இந்தான். போர்ட் சுவெட்டன்ஹாம்தான் போர்ட் கிள்ளான். தோட்டத்துக்குத் தொழிலாளிகள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று, கம்பெனிக் கணக்கில் ஆங்கிலப் பெயர் வேறொன்று. கடிதத்தில் வருவது பெரும்பாலும் முதலாவது.

தேதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'சித்திரபானு வருஷம் தை மாசம் சேதி வந்தது' என்று நோட்டில் இருந்தால் அது 1942 அல்ல, 1943 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள். தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. மார்கழி நடுவிலிருந்து பங்குனிவரை ஆங்கில ஆண்டில் ஒன்று கூடும். அதே வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கொரு முறை திரும்புவதால், கூடவே ஒரு திருமணமோ பிள்ளைப்பேறோ வைத்துச் சரிபாருங்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிப்போனவர் என்றால் இன்னொரு பிடியும் உண்டு: தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்துவிட்டது. அவர் கிளம்பியது அதற்கு முன்பாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது சார்பதிவாளர் அலுவலகம். ஊரை விட்டுப் போனவரின் பங்கு நிலத்தைப் பங்காளிகள் பிரித்தபோதோ விற்றபோதோ பத்திரம் எழுதியிருப்பார்கள். அதன் முதல் பத்தியில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று மூன்று தலைமுறை சிக்கும். 'மலாயாவில் இருக்கும்' என்ற ஒரு வரிகூட வரலாம். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் அவ்வளவு பழைய காலத்துக்குப் போகாது. சர்வே எண்ணைக் கொடுத்து, பழைய புத்தகங்களில் கையால் தேடித் தரும்படி மனுச் செய்யுங்கள். சொத்துப் பத்திரங்கள் உள்ள 1-ஆம் புத்தகத்தின் நகலை யாரும் கேட்கலாம். தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்குத் தாத்தா எழுதிக் கொடுத்த பொது அதிகாரப் பத்திரம் 4-ஆம் புத்தகத்தில் இருந்தால், உரிமை உள்ளவருக்கே நகல் கிடைக்கும். வாரிசுச் சான்றோடு போங்கள். பழைய மாவட்டத்தையும் மறக்க வேண்டாம்: நாமக்கல் 1997 வரை சேலத்தில், நாகப்பட்டினம் 1991 வரை தஞ்சாவூரில் இருந்தது.

இவ்வளவும் சேர்ந்தபின் கடலைத் தாண்டலாம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பழைய நாளிதழ்கள் இலவசம், தமிழ் முரசு உட்பட. ராமசாமியை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுவார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும். மலேசியத் தேசியப் பதிவுத் துறையிடம் இறப்புப் பதிவு கேட்கும்போது 'அனாக் லெலாக்கி' (மலாயில் 'மகன்') என்று அப்பா பெயரைச் சேர்த்தே கொடுங்கள். 1948-இல் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை கட்டாயமானது; அதன்பிறகும் உயிரோடு இருந்தவர் என்றால் பதிவில் அகப்படும் வாய்ப்பு கூடுகிறது.

1942-க்குப் பிறகு கடிதமே இல்லையென்றால் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள், அது பெரிய அநியாயம். அப்போது மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதையில் மாண்ட தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியலே இல்லை. தாய்லாந்தில் அந்தப் பாதையோரம் உள்ள காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் இருப்பவை படைவீரர்களின் பெயர்கள்; அங்கே தாத்தா பெயர் இல்லாததால் அவர் போகவில்லை என்றாகாது.

ஒருவேளை அங்கே அவருடைய பிள்ளைகளின் முகவரி கிடைத்தால், முதல் கடிதத்தில் நிலம், பட்டா, கையெழுத்து எதுவும் வேண்டாம். சொத்துக்காக வருகிறார்கள் என்று நினைத்தால் பதில் வராது. தாத்தாவின் பழைய படத்தின் நகலும் ஊரில் உள்ளவர்களின் உறவுமுறைப் பட்டியலும் ஒரு பக்கத்தில் போதும்.