இட்டாலிக் செரிஃப் எழுத்தை எங்க, எப்படி போடணும்

முதல்ல ஒரு டெஸ்ட் பண்ணுங்க. உங்ககிட்ட இருக்கற செரிஃப் ஃபான்ட்ல (அதாவது கோடு முடியற இடத்துல குட்டி பாதம் வச்ச எழுத்து) இங்கிலிஷ் சின்ன ஏ, சின்ன எஃப் ரெண்டையும் அடிச்சு நல்லா பெருசாக்கி இட்டாலிக் பட்டனை அழுத்துங்க. ஏ-வோட தலைமேல இருக்கற கொக்கி போய் கையால எழுதற மாதிரி ஒரே வயிறா மாறி, எஃப்போட வால் கோட்டுக்கு கீழ இறங்கினா பெரும்பாலும் அது நிஜ இட்டாலிக். ரெண்டும் அதே உருவத்துல சும்மா வலது பக்கம் சாஞ்சா, இட்டாலிக்னு தனியா வரைஞ்ச எழுத்தே உங்ககிட்ட இல்ல, சாஃப்ட்வேர் சாய்ச்சு விட்டிருக்கு. இது தெரியாம நான் ஒரு போஸ்டர் பண்ணி, பெரிய சைஸ்ல பிரின்ட் ஆகி வந்தப்ப ஓ எழுத்து எல்லாம் கோணல்மாணலா இருந்துச்சு, அதுலேர்ந்து இந்த டெஸ்ட் பண்ணாம எந்த ஃபான்ட்டையும் தொடறதில்ல.

இட்டாலிக் வந்ததே கையெழுத்துலேர்ந்துதான். 1501-ல வெனிஸ்ல ஆல்டஸ் மனூஷியஸ் பழைய ரோமானிய கவிஞர் வெர்ஜிலோட கவிதைகளை கைக்கு அடக்கமான புத்தகமா அச்சடிச்சப்ப, முழுசுமே இந்த எழுத்துலதான் போட்டார், அந்த அச்சு எழுத்தை உலோகத்துல வெட்டிக் கொடுத்தது ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. அப்ப கேப்பிட்டல் மட்டும் நிமிர்ந்தே இருந்துச்சு. நேர் எழுத்துக்கு துணையா நடுவுல ஒரு வார்த்தைக்கு போடற பழக்கம் எல்லாம் பின்னாடி வந்தது. அந்த கையோட வேகம்தான் இதோட அழகு, அதனால அதை கெடுக்காம போடறதுதான் வேலையே.

சைஸ் ரொம்ப முக்கியம். கார்மொரண்ட்ங்கற ஃபான்ட் மாதிரி மெல்லிசான இட்டாலிக்ல சின்ன எழுத்தோட உடம்பே குட்டி, கோடு முடி மாதிரி, 16 பிக்சல்ல வச்சா காணாமலே போயிடும், 32-க்கு மேல வச்சு பாருங்க அப்படியே மிதக்கும். பிளேஃபேர் டிஸ்ப்ளேவும் தலைப்புக்குத்தான். பாராவுக்குள்ள போடணும்னா ஈபி கேரமண்ட் எடுங்க, அதோட இட்டாலிக் 16-ம் நூற்றாண்டுல ராபர்ட் கிரான்ஜோன் வெட்டின எழுத்தை பார்த்து வரைஞ்சது, சின்ன சைஸ்லயும் கண்ணை உறுத்தாது.

புத்தகப் பேர், அழுத்திச் சொல்ற ஒரு வார்த்தை, மேற்கோள், அழைப்பிதழ்ல பேர், இதுக்கெல்லாம் அருமையா இருக்கும். ரெண்டு பேருக்கு நடுவுல வர்ற அண்ட் குறியை (&) மட்டும் இட்டாலிக்ல போட்டு பேரை நேரா விட்டுப் பாருங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை இது. பக்கம் பக்கமா மட்டும் போடாதீங்க, படிக்கறவங்க களைச்சுப் போயிடுவாங்க. வால் வச்ச அலங்கார கேப்பிட்டல் முதல் எழுத்துக்கு மட்டும் போதும், முழு வார்த்தையும் அதுலயே அடிச்சா ஒரு எழுத்தோட வால் அடுத்த எழுத்துல சிக்கிக்கும். எழுத்துக்கு நடுவுல இடைவெளியும் கூட்டாதீங்க, ஓட்டம் அறுந்துடும்.

தமிழ் எழுத்துக்கு இந்த மாதிரி ஒரு இட்டாலிக் மரபு கிடையாது, பட்டனை அழுத்தினா பெரும்பாலும் வெறும் சாய்ப்புதான் வரும், அதனால தமிழ் வார்த்தையை தனியா காட்டணும்னா மேற்கோள் குறியோ போல்டோ போடுங்க.

வெப்சைட்னா இட்டாலிக் ஃபைலையும் தனியா லோட் பண்ணணும், இல்லேன்னா பிரவுசர் தானா சாய்ச்சுடும். கடைசியா அடைப்புக்குறி பக்கத்துல ஒரு பார்வை பாருங்க, இட்டாலிக் எஃப் முடியற இடத்துல அதோட தலை போய் அடைப்புல இடிக்கும், அங்க மட்டும் மயிரிழை இடைவெளி விட்டா சரியாயிடும்.