குதிகால் வலிக்கு இன்சோல் வாங்கும் முன்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் தெருமுனைக் கடைக்குக்கூட பைக்கில் போனவர்கள் நாம். இங்கே வந்த முதல் வாரத்திலேயே புளோக்கிலிருந்து எம்ஆர்டி வரை நடை, ரயில் மாறுகிற இடத்தில் இன்னொரு நடை, வேலையிடத்தில் எட்டுப் பத்து மணி நேரம் சிமெண்ட் தரையில் நிற்பது என்று காலுக்கு வேலை கூடிவிடுகிறது. எனக்கு மூன்றாவது மாதம் ஆரம்பித்தது. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி குத்துவது போல வலி. பத்து நிமிடம் நடந்தால் குறையும், சாயங்காலம் திரும்பி வரும். கடைத்தொகுதி ஒன்றில் ஒரு இயந்திரத்தின் மேல் நிற்கச் சொன்னார்கள். திரையில் சிவப்பும் மஞ்சளுமாக என் பாதம் தெரிந்தது. பயந்துபோய் நானூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) இன்சோல், அதாவது ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் அட்டை வாங்கினேன். அது என் ஷூவுக்குள் சரியாக உட்காரவே இல்லை. அந்த மாதம் வீட்டுக்கு அனுப்பும் பணம் குறைந்தது. உங்களுக்கும் அப்படி ஆகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஷூவைப் பாருங்கள். இரு முனையையும் பிடித்து வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில்தான் அது மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் உள்ளே எதை வைத்தாலும் பாதத்துக்குத் தாங்கல் கிடைக்காது. அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தாலும் அப்படித்தான். புது ஷூவைச் சாயங்காலம் வாங்குவது நல்லது, ஏனென்றால் நாள் முழுக்க நடந்த கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

அப்புறம் இன்சோல். மருந்துக்கடையில் கிடைக்கும் ஜெல், நுரை வகைகள் மெத்தை மட்டுமே. நின்று நின்று பாதம் எரிகிறது என்றால் இது போதும். குதிகாலுக்கு மட்டும் வைக்கும் கிண்ணம் போன்ற ஜெல்லை, வலி ஒரு காலில்தான் என்றாலும் இரண்டு ஷூவிலும் வையுங்கள். ஒன்றில் மட்டும் வைத்தால் ஒரு கால் உயர்ந்து இடுப்பு வலிக்க ஆரம்பிக்கும்.

இரண்டாவது வகை, பாத வளைவைத் தாங்கும் கொஞ்சம் விறைப்பான ரெடிமேட் இன்சோல். விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் சப்பையாகிவிடக் கூடாது. காலை முதல் அடியில் வலிக்கும் என் போன்றவர்களுக்கு இதைத்தான் முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். ஷூவோடு வந்த பழைய இன்சோலைக் கழற்றிவிட்டு இதை வையுங்கள். அதன் மேலேயே வைத்தால் குதிகால் ஷூவிலிருந்து வழுக்கும். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டுங்கள்.

மூன்றாவது, உங்கள் பாதத்தை அச்செடுத்துச் செய்யும் ஆர்த்தோடிக்ஸ். சில நூறு வெள்ளி ஆகும். விலை கூடியதால் பலன் கூடும் என்று நினைக்காதீர்கள். 2006ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் குதிகால் வலிக்காரர்களில் சிலருக்கு வெறும் மெல்லிய நுரை, சிலருக்கு ரெடிமேட், சிலருக்கு அச்செடுத்தது கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் பின்னிரண்டுக்கும் சிறிய நன்மை தெரிந்தது. ஓராண்டு முடிவில் மூன்றுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. பாத அமைப்பு மிகவும் மாறியிருந்தால், ரெடிமேட் சரிவராமல் போனால், பாத மருத்துவர் பார்த்துச் சொன்னால், அப்போது செய்யலாம். தட்டைப் பாதம் இருந்தும் வலியே இல்லை என்றால் ஒன்றும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் பாதம் தட்டையாக இருப்பது இயல்பு. அதைக் காட்டி யாராவது விற்க வந்தால் மறுத்துவிடுங்கள்.

கட்டுமானத் தளத்தில், கப்பல் பட்டறையில் வேலை செய்யும் தம்பிகளே, சேஃப்டி பூட்ஸில் கண்ட இன்சோலைச் சொருகாதீர்கள். தடிமன் கூடினால் விரல்கள் பூட்ஸ் முனையில் இருக்கும் இரும்புத் தொப்பியில் இடிக்கும். மின்னேற்றம் தேங்காமல் இருக்கும்படி செய்த பூட்ஸ் என்றால் அந்தக் குணமும் கெடலாம். அந்த பூட்ஸ் நிறுவனமே தரும் மாற்று இன்சோல் இருக்கிறதா என்று சேஃப்டி அதிகாரியிடம் கேளுங்கள். பூட்ஸ் அளவு சரியில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இந்தப் புழுக்கத்தில் ராத்திரி இன்சோலை வெளியே எடுத்துக் காய வைத்தால்தான் நாறாது, சீக்கிரம் சாகாது.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன இன்சோல் யோசனைகள் பொருந்தாது. இதை நிதானமாகப் படியுங்கள். பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால், விறைப்பான இன்சோலின் விளிம்பு தோலைத் தேய்த்துப் புண்ணாக்கினாலும் உங்களுக்குத் தெரியாது. தேவை விறைப்பு அல்ல, அழுத்தத்தைப் பரப்பும் மென்மை. வேலூரில் தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்களைக் காக்க டாக்டர் பால் பிராண்டும் உடனிருந்தவர்களும் மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற நுரை ரப்பரில் செய்த செருப்பைப் பயன்படுத்தினார்கள். ஊரில் அப்பாவோ மாமாவோ போட்டிருக்கும் எம்.சி.ஆர். செருப்பு அதுதான். இங்கேயும் அந்த மாதிரி மென்மையைத்தான் கேட்க வேண்டும், அதுவும் கடைக்காரரிடம் இல்லை, பாத மருத்துவரிடம். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். கோயிலுக்குப் போனால் வெயிலில் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். தினமும் படுக்கும் முன் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்தாவது பாருங்கள்.

எங்கே போவது? டான் டோக் செங், சிங்கப்பூர் பொது மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் பாதப் பிரிவு இருக்கிறது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரை வாங்கிப் போனால் கட்டணம் குறையும். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் வொர்க் பெர்மிட் ஊழியரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. அதனால் கம்பெனி சொல்லும் கிளினிக்கில் முதலில் காட்டுங்கள். வீக்கம், மரத்துப்போதல், ஆறாத புண், படுத்திருக்கும்போதும் விடாத வலி இருந்தால் இன்சோல் கடைப் பக்கமே போகாமல் நேராக மருத்துவரிடம் போங்கள்.

எனக்கு வலி போனது எதனால் என்று கேட்டால், முப்பது சொச்சம் வெள்ளி இன்சோலும் ஒரு பழக்கமும் என்பேன். காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன், கட்டிலில் உட்கார்ந்தபடியே வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். அப்படிப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதை விட்டு, உள்ளே போட மட்டும் ஒரு ஜோடி மெத்தென்ற செருப்பு வாங்கினேன். வலி போக மூன்று மாதம் ஆனது.