கைக்கெட்டும் தூரத்தில் மேஜிக்: முதல் இரண்டு வித்தைகள்

மேடை மேஜிக்கில் பார்ப்பவர்கள் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். விளக்கு, திரை, இசை எல்லாம் வித்தைக்காரருக்குத் துணை. க்ளோஸ்-அப் மேஜிக்கில் அந்த வசதி கிடையாது. பார்ப்பவரின் முழங்கை நம் முழங்கையில் இடிக்கும். நம்மிடம் இருப்பது ஒரு நாணயமும் சீட்டுக்கட்டும்தான். செப்படி வித்தை என்று தமிழில் சொல்கிறோமே, அதுவும் இந்த வகைதான். செப்பு என்றால் சிறு கிண்ணம்.

இங்கே இரண்டே வித்தைகள். முதலாவதற்குக் கை பழக வேண்டும். இரண்டாவதற்குக் கைப்பழக்கம் தேவையே இல்லை, வாய் கொஞ்சம் வேண்டும்.

நாணயத்தை மறைப்பது

இதற்கு ‘பிரெஞ்ச் ட்ராப்’ என்று பெயர். நாணயத்தை மற்ற கைக்கு மாற்றியதுபோல் காட்டிவிட்டு, இருந்த கையிலேயே வைத்துக்கொள்வதுதான் மொத்த ரகசியமும். சுமார் 2.5 முதல் 3 செ.மீ. விட்டமுள்ள நாணயம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் வரிவரியாக இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன், மற்றவர்கள் கையை மாற்றிப் படியுங்கள்.

படி 1: பொய்யாகச் செய்வதற்கு முன் நிஜமாகச் செய்யுங்கள். இடது கையில் இருக்கும் நாணயத்தை வலது கையால் உண்மையாகவே எடுத்து மூடுங்கள். இருபது முறை செய்து பாருங்கள். கண் எப்போது வலது கைக்குத் தாவுகிறது? நாணயத்தைக் கொடுத்துவிட்ட இடது கை என்ன செய்கிறது? பலரும் தாண்டிப் போகிற படி இதுதான். பிறகு பொய்யாகச் செய்வது இந்த நிஜத்தைப் போலவே இருக்க வேண்டும். நிஜம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் எதைப்போலச் செய்வது?

படி 2: இடது உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். கட்டைவிரல் நுனி ஒரு பக்கம், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் மறுபக்கம் என்று நாணயத்தை ஓரங்களில் பிடியுங்கள். நாணயத்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு சந்து இருக்க வேண்டும். விரல்களை ஒட்டி வையுங்கள். அவற்றுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் நாணயமும் தெரியும்.

படி 3: வலது கையின் கட்டைவிரல் நாணயத்துக்கு அடியில் அந்தச் சந்துக்குள் நுழைகிறது. மற்ற நான்கு விரல்களும் முன்புறமாக வந்து நாணயத்தை மறைக்கின்றன. மறைத்த அந்தக் கணத்தில் இடது கட்டைவிரலைத் தளர்த்துங்கள். நாணயம் இடது விரல்களின் அடிப்பகுதியில் விழும். தூக்கிப் போட வேண்டாம், விட்டாலே போதும்.

படி 4: வலது கை எதையோ பிடித்ததுபோல் மூடிக்கொண்டு விலகுகிறது. உங்கள் பார்வையும் அதோடு போக வேண்டும். நாணயம் இடது நடுவிரல், மோதிர விரல் மடிப்பில் லேசாகத் தங்கியிருக்கட்டும். முஷ்டியாக இறுக்கிவிடாதீர்கள். சும்மா இருக்கும் கை எப்படித் தொங்குமோ அப்படித் தொங்கட்டும்.

படி 5: வலது கையை உடனே திறக்காதீர்கள். முன்பே இடது பக்கப் பாக்கெட்டில் ஒரு பேனாவைப் போட்டு வைத்திருங்கள். இடது கை உள்ளே போய், நாணயத்தை அங்கேயே விட்டுவிட்டு, பேனாவோடு வெளியே வருகிறது. அதுதான் மந்திரக்கோல். வலது முஷ்டியில் ஒரு தட்டு தட்டி, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகத் திறங்கள். இப்போது இரண்டு கைகளையும் காட்டலாம், இரண்டுமே காலி.

இந்தப் பேனா வேலையை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வேலை நடந்த நேரத்துக்கும் அதிசயம் தெரியும் நேரத்துக்கும் நடுவே சில நொடிகள் கிடைக்கின்றன. நாணயம் கைமாறிய கணத்தை அதற்குள் பார்ப்பவர் மறந்திருப்பார்.

நான் முதல்முறை இதைச் செய்து காட்டியது அண்ணன் மகளிடம். ஆறு வயது. நான் வலது கையை நீட்டி ஊதுவதற்குள், “சித்தப்பா, அந்தக் கையில இருக்கு” என்று இடது கையைக் காட்டிவிட்டாள். விரல் வேலையில் குறை இல்லை. நாணயம் பத்திரமாக இருக்கிறதா என்று என் கண் ஒரு நொடி இடது கைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். நாம் எங்கே பார்க்கிறோமோ அங்கேதான் எதிரில் இருப்பவரும் பார்ப்பார். அதனால் நாணயம் வலது கையில் இருப்பதாக முதலில் நீங்கள் நம்ப வேண்டும். அதன் கனம்கூட அங்கே தெரிய வேண்டும்.

பழகுவதற்குக் கண்ணாடி நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். நாணயத்தை விடும் அந்தக் கணத்தில் நாமே கண் சிமிட்டிவிடுவோம், நம் தவறு நமக்கே தெரியாமல் போகும். போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்தும் ஒன்று எடுங்கள். எந்த இடத்தில் நிற்பவருக்கு நாணயம் தெரிகிறது என்று அதில் பளிச்சென்று புரியும். பின்னால் யாரும் இல்லாதபடி நிற்பதும் வித்தையில் ஒரு பகுதி.

தேர்ந்தெடுத்த சீட்டைக் கண்டுபிடிப்பது

இது ‘கீ கார்டு’ முறை. முதலில் சீட்டுக்கட்டைப் பார்ப்பவரிடம் கலைக்கக் கொடுங்கள். திரும்ப வாங்கி மேசையில் தட்டி ஒழுங்குபடுத்தும்போது அடிச்சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்ட் 7 என்று வைத்துக்கொள்வோம். அதுதான் கீ கார்டு, அவருடைய சீட்டைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். கட்டை விசிறியாக விரித்து, நடுவிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டைச் சேர்த்துக் கீழே வையுங்கள். அவர் தன் சீட்டைக் கட்டின் மேல் வைக்கட்டும். அப்புறம் அவரையே வெட்டச் சொல்லுங்கள். மேல்பாதியை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அடிப்பாதியை அதன்மேல் வைக்க வேண்டும். இப்போது ஹார்ட் 7 அவருடைய சீட்டின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் இரண்டு மூன்று முறை இப்படியே வெட்டச் சொல்லலாம். எத்தனை முறை வெட்டினாலும் அந்த ஜோடி பிரியாது, கட்டு வட்டமாகச் சுற்றுகிறது, அவ்வளவுதான். கலைக்க மட்டும் இனிமேல் விடக் கூடாது. கலைத்தால் ஜோடி பிரிந்துவிடும்.

பிறகு மேலிருந்து ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே வாருங்கள். ஹார்ட் 7க்கு அடுத்து வருவது அவருடையது. ஹார்ட் 7 கடைசியாக வந்தால், முதலில் போட்ட சீட்டுதான் அவருடையது.

இங்கே வாய் வேலை. அவருடைய சீட்டைப் பார்த்ததும் நிறுத்தாதீர்கள். அதன் ஓரம் தெரியும்படி மேலும் ஐந்தாறு சீட்டுகளைப் போடுங்கள். அடுத்த சீட்டைக் கையில் எடுத்துத் திருப்பாமலே, “இனி நான் திருப்பப் போவது உங்கள் சீட்டு. சரியா?” என்று கேளுங்கள். தன் சீட்டு ஏற்கெனவே போய்விட்டதென்று அவருக்குத் தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுவார். கையில் உள்ளதை வைத்துவிட்டு, மேசையில் கிடக்கும் அவருடைய சீட்டை எடுத்துக் குப்புறத் திருப்புங்கள்.

செய்து காட்டும்போது

“இன்னொரு தடவை காட்டு” என்பார்கள். காட்டாதீர்கள். முதல்முறை என்ன நடக்கப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது, இரண்டாம் முறை எதைப் பார்ப்பது என்று தெரிந்துவிடும். எந்தச் சீட்டு வித்தையையும் மூன்று முறை பார்த்தால் சூட்சுமத்தைச் சொல்லிவிடுவேன் என்று புகழ்பெற்ற வித்தைக்காரர் ஹூடினி பெருமையடித்துக்கொள்வாராம். 1922இல் சிகாகோவில், நடுவில் செருகிய சீட்டு மறுபடி மேலே வந்து நிற்கும் வித்தையை, சீட்டு வித்தையில் கைதேர்ந்த டாய் வெர்னன் அவருக்குத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார். ஹூடினியால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் செய்தவர் வெர்னன். நாமோ பழக ஆரம்பித்து மூன்று வாரம் ஆனவர்கள்.

என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டாம். “இந்த நாணயத்தை மறைக்கப்போகிறேன்” என்று தொடங்கினால் அத்தனை கண்களும் காவலுக்கு நிற்கும். சொல்லாமல் விட்டால் இன்னொரு லாபமும் உண்டு. நாணயம் நழுவித் தரையில் விழுந்தால் அது தோற்றுப்போன வித்தை என்று யாருக்கும் தெரியாது. குனிந்து எடுத்துப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, சீட்டுக்கட்டை வெளியே எடுங்கள்.