டோக்கியோவில் விநோத உணவும் இரவு உலாவும்: புதிதாகக் குடியேறியவர்களுக்கு

நாக்கு புதிய சுவைக்குச் சீக்கிரம் பழகிவிடும். வழவழப்புக்குப் பழகத்தான் நாளாகும். அதனால் ஜப்பானிய உணவுப் பழக்கத்தை வீட்டிலேயே, நத்தோவில் தொடங்குங்கள். நொதிக்கவைத்த, வழவழவென்று நூலிழுக்கும் சோயா அவரை இது. 40 முதல் 50 கிராம் டப்பாக்கள் மூன்று சேர்ந்த கட்டு, சூப்பர் மார்க்கெட்டில் ஏறக்குறைய 100 முதல் 150 யென்னுக்குக் கிடைக்கும்.

டப்பாவைத் திறந்ததும் சாஸை ஊற்றிவிடாதீர்கள். முதலில் வெறுமனே 40, 50 முறை வேகமாகக் கிளறுங்கள். நூல் கெட்டியாகி நுரைத்து வெளுத்த பிறகுதான் சாஸும் கடுகு விழுதும். முன்னாலேயே ஊற்றினால் நூல் நீர்த்துப்போய்ச் சளசளவென்று ஆகிவிடும். ஆவி பறக்கும் சோறு வாடையைக் கிளப்பும். முதல் சில தடவை சோற்றைச் சற்று ஆறவிட்டு, வெங்காயத்தாளைப் பொடியாக நறுக்கித் தூவிக்கொள்ளுங்கள். நாள்பட்ட நத்தோவில் காரநெடி ஏறி, பல்லில் நறநறக்கும். புதிதாகச் சாப்பிடுகிறவர்கள் தேதி பார்த்து வாங்குவது நல்லது. சைவர்கள் கவனிக்க: கூடவே வரும் சாஸ் பொட்டலத்தில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். அதை விட்டுவிட்டு வெறும் சோயா சாஸ் சேருங்கள். வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் நத்தோவைத் தொடவே கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

அடுத்தது இசகாயா. குடியும் சிறு தட்டு உணவும் சேர்ந்த இந்தக் கடைகளில்தான் டோக்கியோவின் உண்மையான இரவு இருக்கிறது. வார நாளில் ஆறு மணிவாக்கில் போய், சமைப்பவருக்கு எதிரே உள்ள நீள மேசையில் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர் சாப்பிடுவதைக் காட்டி "கோரே, ஹிதோத்சு" என்றால் அதே தட்டு ஒன்று வரும். கேட்காமலே ஒரு சிறு கிண்ணம் முன்னால் வந்தால் திகைக்க வேண்டாம். அது ஒதோஷி, உட்காரும் கட்டணம் போல. ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். குடிக்காதவர்கள் ஊலாங் தேநீர் கேட்கலாம், யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். டிப்ஸ் வைக்கும் வழக்கம் கிடையாது.

தட்டுகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கோழிக் குருத்தெலும்பு வறுவல்; மொறுமொறுப்பு யாரையும் பயமுறுத்தாது. பிறகு ஷியோகாரா, அதாவது கணவாய்ச் சதையை அதன் ஈரலோடு உப்பில் ஊறவைத்தது. கடும் உப்பு என்பதால் ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிற அளவுதான் எடுக்க வேண்டும்; வாய் நிறையப் போட்டுக்கொள்பவர்கள்தான் வெறுத்துப்போகிறார்கள். குளிர்காலத்தில் ஷிராக்கோ கிடைக்கும், காட் மீனின் விந்துப்பை. முதன்முறை டெம்புராவாகக் கேளுங்கள். மேல்மாவு மொறுமொறுக்க, உள்ளே பாலாடையாகக் கரையும். பச்சைக் குதிரை இறைச்சியான பசாஷியை இஞ்சி, பூண்டு, இனிப்புச் சோயா சாஸோடு தருவார்கள், வாடையே இருக்காது.

ஒன்றில் மட்டும் துணிச்சல் வேண்டாம்: பச்சைக் கோழி. மாட்டு ஈரலைப் பச்சையாக விற்பதை 2012-லும், பன்றி இறைச்சியை 2015-லும் தடைசெய்தார்கள். கோழிக்கு நாடு தழுவிய தடை இல்லை என்பதால் சில கடைகளில் அது இருக்கும். அதிலிருந்து வரும் கேம்பிலோபாக்டர் கிருமி வயிற்றைப் புரட்டுவதோடு நிற்காது. அரிதாக நரம்புகளையும் தாக்கி, கைகால்களை முடக்கும்.

ஒரே கட்டணத்தில் குறிப்பிட்ட நேரம் வரை வேண்டிய அளவு குடிக்கும் நோமிஹோதாய் ஏற்பாடு பெரும்பாலும் 90 அல்லது 120 நிமிடம். முடிவதற்குச் சுமார் அரை மணிக்கு முன்பே கடைசி ஆர்டரை வாங்கிவிடுவார்கள். பல கடைகளில் மேசையில் இருக்கும் எல்லோரும் சேர்ந்தே எடுக்க வேண்டும்.

இரவுக் கேளிக்கைப் பகுதிகளான கபுகிச்சோ, ரொப்போங்கி தெருக்களில் "மலிவு, வாருங்கள்" என்று அழைப்பவர் யாராயினும் பின்னே போகாதீர்கள். ஆள்பிடிப்பதே அங்கே சட்டவிரோதம். உள்ளே போனபின் எதிர்பாராத தொகைக்குப் பில் நீட்டுவார்கள். கோப்பையில் மயக்க மருந்து கலந்து கார்டைத் தேய்த்த சம்பவங்களும் உண்டு. கோல்டன் காய் சந்தின் குட்டி பார்களில் கதவருகே நுழைவுக் கட்டணம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நுழையுங்கள். கிளப்புகளில் 20 வயது நிரம்பியதைக் காட்ட வசிப்பிட அட்டை கேட்பார்கள்.

திரும்பும் வழியைக் கிளம்பும்போதே முடிவுசெய்யுங்கள். பெரும்பாலான தடங்களில் கடைசி ரயில் நள்ளிரவுக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் போய்விடும். யமனோதே வட்டத் தடத்தில் பின்னிரவு ரயில்கள் முழுச்சுற்று ஓடாமல் ஒசாக்கி, இக்கெபுக்குரோ போன்ற நிலையங்களிலேயே நின்றுவிடும். ரயில் முகப்பில் கடைசி நிலையத்தின் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள். நிலையத்தில் விட்டுவந்த சைக்கிளைக் குடித்துவிட்டு ஓட்டாதீர்கள்: 2024 நவம்பர் முதல் மூச்சில் குறிப்பிட்ட அளவு மது தெரிந்தாலே மூன்றாண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். தள்ளிக்கொண்டே போங்கள். ரயிலைத் தவறவிட்டால், டாக்ஸியில் இரவு பத்து முதல் காலை ஐந்து வரை 20 சதவீதம் கூடுதல். தூரம் அதிகமென்றால் கராஓகே அறையோ மங்கா கஃபேயின் (காமிக்ஸ் படிக்கும் கடை) இரவுக் கட்டணமோ மலிவு. காலை ஐந்து மணிவாக்கில் முதல் ரயில் வந்துவிடும்.