கையில் இருக்கும் கல் எந்த வகைப் பாறை?

முதலில் புதிதாக உடைந்த முகம் வேண்டும். வெயிலும் மழையும் அரித்த மேல்பரப்பில் நிறமே மாறியிருக்கும். பாதித் தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஓரத்தைச் சுத்தியலால் தட்டி, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்.

படிகங்கள் இடைவெளியின்றிக் கோத்து, எந்தத் திசையிலும் வரிசைப்படாமல் கிடந்தால் பெரும்பாலும் தீப்பாறை. பாறைக்குழம்பு நிலத்தடியில் மெல்ல ஆறினால் படிகம் வளர நேரம் கிடைக்கும்: கிரானைட். மேலே வழிந்து சட்டென ஆறினால் கண்ணுக்கே தெரியாத மணிகள்: பசால்ட். வாயு வெளியேறிய துளைகளும் இருக்கலாம்.

உருண்ட மணல்மணிகள், நடுவே அவற்றை ஒட்டிய பொருள், புதைபடிவங்கள் தெரிந்தால் படிவுப் பாறை.

ஆனால் அடுக்கைப் பார்த்தவுடன் படிவு என்று முடிவுகட்டாதீர்கள். நைஸ் என்ற பாறையிலும் பட்டைகள் உண்டு. வெப்பமும் அழுத்தமும் கனிமங்களைப் பிரித்து அடுக்கியதால் வந்தவை அவை. தேய்த்தாலும் மணி உதிராது. இது உருமாறிய பாறை.

அதிகம் குழப்புபவை பளிங்கும் குவார்ட்சைட்டும். எஃகு ஆணியால் கீறுங்கள். பளிங்கில் பள்ளம் விழும். அதிலுள்ள கால்சைட் என்ற கனிமத்தின் கடினத்தன்மை, 1 முதல் 10 வரையிலான மோஸ் அளவுகோலில் 3தான். குவார்ட்சைட்டிலுள்ள குவார்ட்ஸ் கனிமம் 7 என்பதால் அதில் ஆணியின் உலோகத் தடம் மட்டும் ஒட்டும். அதைக் கீறல் என்று நினைப்பவர்கள் ஏராளம். விரலால் துடைத்துப் பாருங்கள். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் பளிங்கு பொங்கும். சுண்ணாம்புக்கல்லும் பொங்கும்தான், ஆனால் அதில் சர்க்கரைபோல மின்னும் படிகங்கள் பொதுவாக இருக்காது. சுண்ணாம்புக்கல் போலவே தோன்றும் டோலமைட்டோ பொடியாக்கினால்தான் நுரைக்கும்.